அறுநூற்று நாற்பது கிராம் வாள்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற சாலையில் ஓர் எடை மேடை இருக்கிறது. ஜல்லி லாரியோ, தைலமரக் கட்டை ஏற்றிய லாரியோ, நெல் மூட்டை டிராக்டரோ, எது வந்தாலும் அந்த இரும்புத் தட்டில் ஏறி நின்று, சன்னலுக்குப் பின்னால் இருக்கும் ரெங்கராஜிடம் சீட்டு வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதே சன்னல், அதே நாற்காலி. நாற்காலியின் குஷன் மட்டும் நாலு தடவை மாறியிருக்கிறது.

அந்த வேலை ஓர் ஆளை என்ன செய்துவிடும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காலி வண்டியை எடை போடும்போது டிரைவரும் கிளீனரும் இறங்கி டீக்கடைப் பக்கம் போய்விடுவார்கள். லோடோடு திரும்பும்போது இரண்டு பேரும் சமர்த்தாக உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் மணலை நனைத்துக்கொண்டு வருவார். இன்னொருத்தர் பின்சக்கரத்தைத் தட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி பீடி பற்ற வைப்பார். கேட்டால் பெற்ற தாய் மேல் சத்தியம். இந்தச் சத்தியங்களைக் கேட்டுக் கேட்டு, மனிதர் பேச்சு ரெங்கராஜின் காதில் ஏறுவதே நின்றுபோனது. எதிரே சிவப்பாக எரியும் எண்ணை மட்டும் நம்புவார். கெட்டவர் இல்லை, வீட்டில் குரலை உயர்த்தியவர் இல்லை. ஆனால் மனைவி அழகம்மாள் காய்ச்சலடிக்கிறது என்று சொன்னால்கூட முதலில் தெர்மாமீட்டரைத்தான் தேடுவார்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, சினிமா. பிடித்த நடிகர் ஒருத்தர் இருக்கிறார். பெயர் எதற்கு, சொன்னால் உங்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். அந்த நடிகர் படத்தில் போட்ட சிங்கமுகப் பதக்கத்தின் நகல் ஆன்லைனில் கிடைக்கிறது என்று பார்த்து, ஆசை ஆசையாய் ஆர்டர் போட்டார். படத்தில் நெஞ்சை மறைக்கிற அளவுக்கு இருந்த சிங்கம், பார்சலைப் பிரித்தால் நகத்தளவு இருந்தது. அதுவும் பூனை மாதிரி இருந்தது. வந்த கோபத்தில் செல்போனை எடுத்து, அந்தப் பதக்கத்தைச் சமையலறைத் தராசில் வைத்து, "நாலு கிராம்ங்க, ஒரு ஏலக்காய் வாங்குனாக்கூட மணமாச்சும் இருக்கும்" என்று பேசி யூடியூபில் போட்டுவிட்டார். ஒரு வாரத்தில் எட்டாயிரம் பேர் பார்த்தார்கள். அப்படித் தொடங்கியதுதான் 'எடை மேடை' என்கிற அவருடைய சேனல்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் விவரமாகத்தான் சொல்வார். பார்சலைப் பிரிக்கிற முதல் நொடியிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும்போது விற்றவன் கையை விரித்துவிடுவான் என்பார். விளம்பரத்தில் இருப்பது அந்தப் பொருளின் போட்டோவா, சினிமா ஸ்டில்லைச் சுட்டுப் போட்டதா என்று பார்க்கச் சொல்வார். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவன் போட்ட போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்வார். பொருள் கைக்கு வந்ததும் அச்சில் வார்த்த கோடு தட்டுப்படுகிறதா என்று நகத்தால் வருடுவார். முலாமை ஈரத்துணியால் துடைப்பார். ஒருமுறை ராஜா காலத்துக் கேடயம் ஒன்றின் பின்பக்கத்தில் ஸ்டார் ஸ்க்ரூ முடுக்கியிருப்பதைக் காட்டி, மன்னர் டூல் பாக்ஸோடு போருக்குப் போனார் போல என்றார். எல்லாம் முடிந்து கடைசியில் தராசு. தராசில் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு. "ஆளு சொல்றது கெடக்கட்டும், எடை என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

அந்த வாசகம்தான் அவரைக் கவிழ்த்தது.

அழகம்மாளுக்கு ஓர் அண்ணன். நாகராசு என்று பெயர். பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமம், கொஞ்சம் கடலைக்காடு, ஒரு டிராக்டர், அதில் மாட்டுகிற தண்ணீர் டேங்கர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் திருமயம் பக்கம் ராஜா காலத்துப் படம் ஒன்றுக்கு ஷூட்டிங் நடந்தபோது நாற்பது நாள் தண்ணீர் ஓட்டினார். ரெங்கராஜின் நடிகர் நடித்த படம்தான். கடைசி நாள் எல்லாம் ஏறக்கட்டும்போது, சாமான்களைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருத்தர், ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறவில்லை என்று சொல்லி, ஹீரோ பிடித்த வாள்களில் ஒன்றை நாகராசு கையில் கொடுத்துவிட்டுப் போனார். நாகராசு அதை வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவைத்தார். வருகிறவர்களிடம் தானாகப் பெருமையடிக்க மாட்டார். யாராவது கேட்டால் மட்டும் சொல்வார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சேனல் சூடு பிடித்துக்கொண்டிருந்த நேரம், அண்ணன் வீட்டு வாளைக் காட்டுங்களேன் என்று யோசனை சொன்னது அழகம்மாள்தான். நாகராசும் சந்தோஷமாக, இஸ்திரி போட்ட சட்டையோடு, வாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு திருக்கோகர்ணத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வந்தார். அன்றைக்குப் பார்த்து ரெங்கராஜ் லைவ் போட்டார். மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அதுவரை சுவரில் மட்டுமே பார்த்திருந்த வாளை முதல் தடவையாகக் கையில் வாங்கியவருக்கு முகம் மாறிவிட்டது. வாள் பூப்போல இருந்தது. விளிம்பைத் தடவினால் ரப்பர். கைப்பிடிக்கு அடியில் ஏழு என்று ஓர் எண், அதுவும் தலைகீழாக. பிள்ளைகள் மாறுவேடப் போட்டிக்கு வாங்குகிற இதே மாதிரி ரப்பர் விளிம்பு வாளை அதற்கு முந்தின மாதம்தான் ஆன்லைனில் பார்த்திருந்தார்.

"ஷூட்டிங்ல குடுத்தது மாப்ள" என்றார் நாகராசு. "நான் அங்கதான் நாப்பது நாள் கெடந்தேன்."

ரெங்கராஜ் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தன் வாசகத்தைச் சொன்னார். தராசில் வைத்தார். அறுநூற்று நாற்பது கிராம். எங்கள் வீட்டு இட்லிக் குண்டான் மூடியே இதைவிடக் கனம் என்றார். நம்பர் போட்டு ஃபேக்டரியில் அடித்துத் தள்ளிய சரக்கு, அந்த நம்பரைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லை, எங்கள் மச்சானை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் மச்சான் நம்மை ஏமாற்றுகிறார் என்று முடித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். சொன்னவருக்கு விளையாட்டு.

நாகராசு வாளைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார். உள்ளே அழகம்மாள் கோழிக் குழம்பு வைத்து இலையும் போட்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று வாசல் வரை ஓடினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அந்த வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். சேனல் ஒரே தூக்காகத் தூக்கியது அதனால்தான். பொன்னமராவதிச் சந்தையில், டீக்கடையில், உரக்கடையில் நாகராசுக்கு 'ரப்பர்' என்று பெயர் விழுந்தது. ஐம்பத்தைந்து வயதுவரைக்கும் சொன்ன சொல் மாறாத ஆள் என்று பேர் எடுத்தவர், ரப்பர் வந்துவிட்டாரப்பா என்கிற சிரிப்பைக் கேட்டுக்கொண்டு டீ குடிக்க வேண்டியதாயிற்று. கொஞ்ச நாளில் டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

நம் பக்கத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு அண்ணன்காரன் பொங்கப்படி கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அரிசி, வெல்லம், வாழைப்பழம், மஞ்சள் கொத்து, கரும்பு. நாகராசு அந்தக் கடமையில் குறை வைக்கவில்லை. ஆனால் ஆள் வரவில்லை. பொன்னமராவதி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிவிடுவார். போகியன்று அழகம்மாள் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பார்சல் வாங்குவதுபோல் அண்ணன் சீரை வாங்கி வருவாள். மூன்று பொங்கல் அப்படித்தான் போனது. வாங்கி வந்த வெல்லத்தைப் பொங்கலில் போடும்போது அழுவாள். ரெங்கராஜுக்கு அது தெரியும். மச்சான் இவ்வளவு ரோஷக்காரராக இருக்க வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன ஐப்பசியில் ஓர் ஆன்லைன் கடையில் அதே படத்து வாளின் நகல் விற்பனைக்கு வந்தது. உயர்தரம், முழுக்க எஃகு என்று போட்டிருந்தார்கள். ரெங்கராஜ் வாங்கினார். இரண்டு கிலோ நூறு கிராம். அச்சுக்கோடு கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, முலாம் துடைத்தால் போகவில்லை. பத்துக்குப் பத்து மார்க் கொடுத்து, இதுதான் வாள், இதற்கு முன்னால் என் மச்சான் கொண்டுவந்ததை நினைத்துப் பாருங்கள் என்று வீடியோ போட்டார்.

மறுநாள் மத்தியானம், எடை மேடையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே வந்திருக்கும் கமெண்டுகளைப் படித்தார். கோபிநாத் என்று ஒருத்தர் நீளமாக எழுதியிருந்தார். சென்னையில் சினிமாவுக்குச் சாமான் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறவராம். 'அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ரெண்டு கிலோ வாளைக் கொடுத்தா எந்த நடிகரும் நாலு டேக்குக்கு மேல கையைத் தூக்க முடியாது. சண்டைல யார் மேலயாவது பட்டா ஆஸ்பத்திரிதான். அந்தப் படத்துக்கு வாள் செஞ்சது நாங்க. உள்ள அலுமினியத் தகடு, விளிம்புல ரப்பர், எழுநூறு கிராமைத் தாண்டக் கூடாதுன்னு ஸ்டன்ட் மாஸ்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. மொத்தம் பத்து. சாயங்காலம் எண்ணி எடுத்து வைக்க, கைப்பிடிக்கு அடியில ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் நம்பர் அடிச்சோம். அடிச்ச ஆளு அச்சைத் தலைகீழாப் பிடிச்சுட்டாரு. பத்தும் தலைகீழ். இன்னைக்கும் அதைச் சொல்லி அவரைக் கிண்டல் பண்ணுவோம்.'

டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு ரெங்கராஜ் தன் பழைய வீடியோவைத் திறந்தார். நாலு லட்சம் பேர் பார்த்ததை அவர் அதற்கு முன்னால் முழுசாக ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதோ அந்த ஏழு, தலைகீழாக. அவருடைய விரலே அதைச் சுட்டிக்காட்டுகிறது, அவருடைய குரலே அதைக் கேலி பண்ணுகிறது. படத்தின் ஓரத்தில் நாகராசுவின் கை தெரிந்தது. முதலில் வாளை நீட்டிய கை, பேச்சு போகப் போக இஸ்திரி போட்ட சட்டையின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. வெளியே ஜல்லி லாரி ஒன்று தட்டில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் அவருடைய யோக்கியதை அன்றைக்கு. ஆனால் வீட்டுக்குப் போனதும் அழகம்மாளின் முகத்தைப் பார்த்து மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான்தானே அண்ணனை வரச் சொன்னேன் என்றாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறோம், ஊருக்குச் சொல்வதை அப்புறம் சொல்லலாம், முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள் என்றாள்.

போனார்கள். நாகராசு கடலைக்காட்டிலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வாங்க மாப்ள என்று சொன்னதில் குறையில்லை. அவர் மனைவி பொன்னுத்தாய் காப்பி கொண்டுவந்தார். சுவரில் வாள் இருந்த ஆணியில் உரக்கடைக் காலண்டர் தொங்கியது. ரெங்கராஜ் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டே, கோபிநாத் எழுதியதையும், பத்து வாளையும், தலைகீழ் நம்பரையும் ஒன்றுவிடாமல் சொன்னார். செல்போனை எடுத்துப் படித்தும் காட்டினார். தப்புப் பண்ணிவிட்டேன் மச்சான் என்றார்.

நாகராசு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அந்தக் கோபிநாத்த நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"போன்ல பேசியிருக்கீங்களா?"

"இல்ல."

"மொகம் தெரியாத ஆளு. அவரு எழுதுனாரு, ஒடனே நம்பிட்டீங்க." நாகராசுவின் குரல் ஏறவே இல்லை. "நானும் அதைத்தான சொன்னேன். ஒங்க பக்கத்துல ஒக்காந்துக்கிட்டுச் சொன்னேன்."

அடித்திருந்தால்கூட ரெங்கராஜுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அழகம்மாளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டது இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால். அன்றையிலிருந்து இந்த மனிதர் தன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

கடைசியில், அந்த வாளைக் கொடுங்கள், நம்பரைக் காட்டி ஊரே பார்க்கத் திருத்திச் சொல்லிவிடுகிறேன் என்று கேட்டார். நாகராசு தலையாட்டினார், இல்லை என்று.

"வாளு கெடக்கு அங்கிட்டு. அதைக் காட்டி, நம்பரைக் காட்டித்தான் நான் பொய் சொல்லலன்னு ஆகணும்னா, அது வேணாம் மாப்ள. காப்பி ஆறுது, குடிங்க."

அடுத்த வாரம் ரெங்கராஜ் ஒரு வீடியோ போட்டார். மேசையில் தராசு இருந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை, பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மச்சான் நாகராசு ஒரு வாளைக் கொண்டுவந்து, இது ஷூட்டிங்கில் கொடுத்தது என்று சொன்னார், அவர் சொன்னது உண்மை, நான் நம்பாதது தப்பு, அவரை ரப்பர் என்று கூப்பிடுகிறவர்கள் இனிமேல் அந்தப் பேரை எனக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கோபிநாத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்பரைப் பற்றியும் சொல்லவில்லை. இரண்டு நிமிஷம்தான். பேசி முடித்ததும், சேனலைத் தூக்கி நிறுத்திய பழைய வீடியோவை அழித்தார்.

புது வீடியோவை முந்நூறு பேர்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவர்களிலும் பாதிப் பேர், எங்கே அண்ணே ஆதாரம், வாள் எங்கே, எடை எங்கே என்று எழுதினார்கள். குடும்பத்துக்குள் சமரசமா என்று ஒருத்தன் நக்கலடித்தான். ரெங்கராஜ் ஒவ்வொருத்தருக்கும் ஒரே பதிலைத் தட்டினார். 'ஆதாரம் இல்லை. என் மச்சான் சொன்னார்.' பொன்னமராவதியிலிருந்து ஒரு போனும் வரவில்லை.

போகி வந்தது. அழகம்மாள் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். இந்தத் தடவை ரெங்கராஜும் கூடப் போனார். பொன்னமராவதி பஸ் வந்து நின்றது. வழக்கமாகப் பார்சல் கொண்டுவரும் கண்டக்டர் சரவணக்குமார், இவர்களைப் பார்த்ததும் கையை விரித்தார். இன்றைக்கு ஒன்றும் கொடுத்துவிடவில்லை அக்கா என்றார். அடுத்த பஸ் பார்த்தார்கள். அதற்கடுத்த பஸ்ஸும் பார்த்தார்கள். காலிப்பையை மடித்து இடுக்கிக்கொண்டு அழகம்மாள் டவுன் பஸ்ஸில் ஏறினாள். மூன்று வருஷமாக ஆள் வராவிட்டாலும் பொங்கப்படியாவது வந்தது, இப்போது நான் வாயைத் திறந்து அதையும் கெடுத்துவிட்டேன் என்று ரெங்கராஜ் நினைத்தார். திருக்கோகர்ணத்தில் இறங்கி இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

வீட்டு வாசலில் ஒரு பழைய டிவிஎஸ் நின்றது. அதன் மேல் சாத்தியிருந்த கரும்புக்கட்டு பாதித் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் நாகராசு நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு தூரமும் டிவிஎஸ்ஸிலேயே வந்திருக்கிறார். தலைமுடியெல்லாம் புழுதி.

"எங்க போய்ட்டீங்க ரெண்டு பேரும்? ஒரு மணி நேரமா நிக்கிறேன்" என்றார்.

அழகம்மாள் சாவியைப் போடத் தெரியாமல் கதவோடு போராடினாள். கண் மறைத்தது. நாகராசுதான் சாவியை வாங்கித் திறந்தார். அரிசிப் பையை இறக்கினார், பழத்தாரை இறக்கினார், மஞ்சள் கொத்தைத் தங்கச்சி கையில் கொடுத்தார். வெல்லப் பொட்டலத்தை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு ரெங்கராஜைப் பார்த்தார்.

"ஒங்க தராசைக் கொண்டாங்க மாப்ள. இதை மூணு கிலோன்னு குடுத்தான் கடைக்காரன். எனக்கென்னமோ கொறையிற மாதிரி இருக்கு."

ரெங்கராஜ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "நீங்க கொண்டாந்தா அது மூணு கிலோதான் மச்சான்."

"நான் எங்க சொன்னேன்? கடைக்காரன்ல சொன்னான். போட்டுப் பாருங்க."

தராசு வந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு கிலோ எண்ணூற்று அறுபது.

"கையில வாங்கும்போதே தெரிஞ்சுச்சு" என்றார் நாகராசு.

"ஆமா மச்சான், நீங்க சொன்னது சரி" என்றார் ரெங்கராஜ். உள்ளேயிருந்து அழகம்மாள், எலை போட்டாச்சு, ரெண்டு பேரும் வாங்க என்று கூப்பிட்டாள். நாகராசு காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.